கீழுதட்டில் நாலு தையல்

சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா, அண்ணன், அண்ணி, பட்டறை வாசலில் படுத்துக் கிடக்கும் நாய் உட்பட எல்லோரும் சுகம், என் கீழுதடு ஒன்றைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடியும், எனக்கு யார் நேராகச் சொல்கிறார்கள், உன் சேதியெல்லாம் உன் அம்மா வாய் வழியாகச் சுற்றி வந்து என் காதுக்கு எட்டுவதற்குள் பாதி ஆறிப்போய்விடுகிறது. சரி, சுகம் விசாரித்தாயிற்று. இனிமேல் சண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் பண்ணினாய். அம்மாவும் நீயும் ஒரு மணி நேரம் பேசித் தீர்த்த பிறகு, அவள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்து அழுத்தினாள். நீ "அப்பா" என்றாய். நான் பேசவில்லை. "அப்பா, கேக்குதா?" என்றாய். அதற்கும் பேசவில்லை. அப்புறம் நீ "இப்பவும் வாயில ஆணிதானாப்பா? சரி, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். ஐந்து வருஷம் கழித்து என் காதில் நேராக விழுந்த உன் பேச்சு அவ்வளவுதான். கேட்டுக்கொள் மகளே, அன்றைக்கு என் வாயில் ஆணி இல்லை. தையல் இருந்தது. கீழுதட்டின் உட்பக்கம் நாலு தையல், கறுப்பு நூல், முடிச்சு முனை ஒவ்வொன்றும் பல்லில் உரசிக்கொண்டு. வாயைத் திறந்தால் உதடு இரண்டாகப் பிளந்துவிடும் போல இருந்தது, அதனால் சும்மா இருந்தேன். நீ ஒரு பெரிய கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு ஊர் பேர் தெரியாதவர்களின் குறையையெல்லாம் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறாயாம். பெற்ற அப்பனுக்கு மட்டும் அரை நிமிஷம் பொறுமை இல்லை. என் புகாரையும் எழுதிக்கொள், நம்பர் போட்டுக்கொள்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாதே. கடிதத்தில் அது ஒரு சௌகரியம், நீ பேசவும் முடியாது. என் வேலை உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது, இந்த இடத்தை அவருக்குப் படித்துக் காட்டு. சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி கட்டுகிறவனுக்கு இரண்டு கை போதாது. இடது கை துணியைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்திருக்கும், வலது கையில் காந்தமுனைச் சுத்தியல். ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும், அதுதான் வாய். ஒரு பிடி ஆணி, இருபது இருக்கும், கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே கிடக்கும். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டையை வெளியே தள்ளும், சுத்தியல் வந்து உதட்டிலிருந்தே கவ்விக்கொண்டு போய் மரத்தில் இறக்கிவிடும். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான். உன் அண்ணன் காற்றில் ஓடும் ஆணித் துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு டப் டப் என்று அடிக்கிறான், நாய் ஓடிப்போகிறது. அது அவன் இஷ்டம்.

போன வருஷம் சினிமா கொட்டகை நாற்காலி நூற்றிருபதுக்கும் துணி மாற்றிக் கொடுத்தோம். அது முடிகிற சமயத்தில், ஆணி கிடக்கும் அதே இடத்தில், உதட்டுக்கு உள்ளே மிளகளவு ஒரு கொப்புளம். வலி இல்லை. நாக்கால் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். இரண்டு நாளில் தானாக உடைந்து கொழகொழவென்று தண்ணீர் வந்தது, விட்டது சனியன் என்று இருந்தேன். மூன்று வாரத்தில் சொந்த வீட்டுக்கு வருகிற மாதிரி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. உன் அம்மா உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள், தேன் தடவினாள், கிராம்பை அரைத்து வைத்தாள், அது எரிந்த எரிச்சலில் எனக்கு என் அப்பன் பெயரே மறந்துபோயிற்று. கொப்புளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நானே வைத்தியத்தில் இறங்கினேன். தோல் தைக்கிற ஊசியை நெருப்பில் காட்டி, கண்ணாடி முன்னால் நின்று, உதட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குத்து. தண்ணீர் போயிற்று. உதடு தட்டையாயிற்று. இவ்வளவுதானா விஷயம் என்று மறுநாள் வழக்கம் போல ஆணியைப் போட்டுக்கொண்டேன். திரும்ப வந்தது. திரும்பக் குத்தினேன். இப்படி நாலு தடவை. நாலு தடவையும் முன்னைவிடப் பெரிதாகத்தான் வந்தது, கடைசித் தடவை திராட்சை மாதிரி, கொஞ்சம் நீலம் பாய்ந்து. உன் அண்ணன் போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு வந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், முகம் துக்க வீட்டுக்கு வந்தவன் முகம் மாதிரி இருந்தது. "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றான். இந்த வீட்டில் யாருக்குத்தான் ஒன்றைச் சொல்லித் தொலைக்கத் தெரிகிறது.

டாக்டரிடம் போகவே கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு வக்கீல் தன் சோபா எப்போது முடியும் என்று கேட்க வந்து என் எதிரே வந்து நின்றார். வாய் நிறைய ஆணி. நாளைக்கு என்று சொல்லத் தலையை அசைத்தேன், நாக்கு திருப்பிய ஆணி கொப்புளத்தில் இடித்துச் சறுக்கித் தொண்டைப் பக்கம் ஓடிற்று. வந்தது பார் ஒரு இருமல். ஆணி, கொப்புளத் தண்ணீர், எச்சில், எல்லாம் சேர்ந்து அந்த மனிதரின் பளபளவென்றிருந்த ஷூவின் மேல். அவர் ஒரு குதி குதித்தார். வழக்குப் போடாமல் விட்டாரே, அது அவருடைய பெருந்தன்மை. அன்றைக்கே அண்ணன் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பல் டாக்டர் ஒரு பெண். உன் வயசு, உன்னை மாதிரியே லொடலொடவென்று பேச்சு. "அப்பா, வாயத் திறங்க" என்றாள். யாருக்கு யார் அப்பா. நான் படுத்திருந்த நாற்காலியில் கை வைக்கும் இடம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது, அதை வைத்தே இவள் எப்படித் தைப்பாள் என்று எடைபோட்டுவிட்டேன். உதட்டைத் திருப்பிப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்த ஆணிகளைப் பார்த்தாள். "இத வாயில வெப்பீங்களா? ஒரு தடவைக்கு எத்தனை?" என்றாள். இருபது என்றேன். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அப்புறம் சொன்னாள், உதட்டுக்குள்ளே எச்சில் ஊறுகிற சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றனவாம், ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போல ஒரு குழாய், ஆணி குத்திக் குத்தி ஒரு குழாய் அறுந்துபோயிற்று, ஊறுகிற எச்சிலுக்கு வெளியே வர வழி இல்லை, தோலுக்கு அடியிலேயே தேங்கி நிற்கிறது. "நீங்க குத்தினா தண்ணி போகும். குழாய் சரியாகாது. பை ஊறிக்கிட்டேதான் இருக்கும், திரும்பத் திரும்ப வரும். அந்தப் பையோட எடுத்துடணும்" என்றாள். மரக்க ஊசி போட்டு இருபது நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். தையலையும் நான் விரலால் தடவிப் பார்த்தேன், பரவாயில்லை, இடைவெளி ஒரே சீராகத்தான் இருந்தது. எடுத்த துண்டை ஒரு புட்டியில் போட்டு, எதற்கும் சோதனைக்கு அனுப்புகிறேன், ஆறு நாளில் தெரியும் என்றாள்.

எதற்கும் என்றால் எதற்கு? இதை அவளிடம் கேட்கவில்லை, வாய் மரத்திருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தால் அந்தக் கெட்ட நோயின் பெயர் அங்கேயே எழுதியிருந்தது. உனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன், வாயால் அல்ல, காகிதத்தில் எழுதிக் காட்டி. ஆறு நாள். மனிதனுக்குப் பயம் வந்தால் வேலை செய்யலாம், பேசலாம், சண்டை போடலாம், எனக்கு மூன்றும் இல்லை. ஆறிப்போன பாலையும் நனைத்த ரொட்டியையும் ஒரு பக்கமாகச் சாய்த்து விழுங்கிக்கொண்டு நாற்காலியில் கிடந்தேன். அந்த நாளில்தான் உன் போன் வந்தது, நீ கேட்டது கேட்டாய், வைத்தது வைத்தாய். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுகிற பேச்சா அது? உனக்குத் தெரியாது என்கிறாயா? தெரியாததால் உன்னை மன்னிக்கலாம். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நீ வைத்த பிறகு உன் அம்மா ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததில்லை, புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், பதில் பேச முடியாது, பட்டறைக்குப் போய் ஆணி அடிக்கவும் முடியாது. முப்பது வருஷத்துப் பாக்கியைத் தீர்த்துவிட்டாள். அவளுடைய தம்பி கல்யாணத்துக்கு நான் ஒரு நாள் தாமதமாக வந்தது வரை விடவில்லை. "வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? பொண்ணு ஒத்த வார்த்தைக்கு அஞ்சு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா. டாக்டரம்மா சொன்னது கேட்டுச்சுல்ல? உள்ளயே அடைச்சு வெச்சா அது கட்டிக்கிட்டுத்தான் நிக்கும்" என்றாள். இது எச்சில் விவகாரம், இதில் வேதாந்தம் எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன், படிக்காமலே கசக்கிப் போட்டாள். அந்த வேகத்தில் நீ அவளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்ததையும் கொட்டிவிட்டாள். வருகிற லீவுக்கு நீயும் குழந்தையும் ஊருக்கு வரலாம், மாதக் கடைசிக்குள் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் அப்பா தன் வாயால் ஒரு தடவை கூப்பிட்டால்தான் வருவேன் என்றாயாம். ஏன் அப்படி என்று அவள் கேட்டதற்கு, "அன்னிக்கு அப்பா ரெண்டாவது பிடி போட்டாரும்மா, நான் பாத்தேன்" என்றாயாம்.

ஐந்து வருஷமாக இதை நெஞ்சில் வைத்திருந்தாயே, நீ அழுத்தக்காரிதான். ஆமாம், போட்டேன். நீ பட்டறைக்கு வந்து, தூர தேசத்தில் வேலை கிடைத்திருக்கிறது, "போகட்டுமாப்பா?" என்று கேட்டாய். அப்போது உண்மையாகவே வாயில் ஆணி இருந்தது, ஒரு சாய்வு நாற்காலியின் முதுகுக்கு அடித்துக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டால் துணி தளர்ந்துவிடும். நீ கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். நான் அடித்துக்கொண்டே வந்தேன், ஆணி தீர்ந்தது, வாய் காலியாயிற்று. போ என்று சொல்ல மனசு இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நல்ல வேலை, நீ சுயமாகப் படித்து வாங்கினது. டப்பாவில் கை விட்டு இன்னொரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த நாற்காலியில் முதுகுக்கு நாற்பது ஆணி தேவையே இல்லை, இருபத்திரண்டு போதும். மிச்சத்தைச் சும்மா அடித்தேன். பிறகு அதைக் கழற்றிய உன் அண்ணன், யாருடைய வேலை இது, பைத்தியக்காரன் மாதிரி அடித்திருக்கிறான் என்று திட்டினான்.

இப்போது உன்மேல் இருக்கிற பெரிய கோபத்துக்கு வருகிறேன். நாலு வருஷம் முன்பு நீ ஒரு பார்சல் அனுப்பினாய். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் காந்தப் பட்டை, அதில் ஆணியை ஒட்டி வைத்துக்கொண்டால் வாயில் போட வேண்டியதில்லை என்று அட்டைப் பெட்டியின் மேலேயே படம் போட்டிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். விட்டுவிட்டுப் போனவள் அங்கிருந்துகொண்டு எனக்கு வேலை சொல்லித் தருகிறாளா என்று பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். நேற்று முன்தினம் அம்மா பேச்சுக்குத் தப்பிப் பட்டறைக்குள் போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா இனி ஆயுசுக்கும் வாயில் ஆணி கூடாது என்று சொல்லிவிட்டாளே, வேறு வழி என்ன என்று அந்தப் பெட்டியைக் கிழித்தேன். பட்டைக்கு அடியில் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். உன் கையெழுத்து. "அப்பா, இனிமே வாய் காலியாத்தானே இருக்கும்? ஒரு தடவை போன் பண்ணிப் பேசுங்க. நான் காத்துக்கிட்டு இருப்பேன்." நாலு வருஷம், மகளே! கடிதத்தைப் பெட்டிக்கு உள்ளே வைப்பார்களா? மேலே ஒட்டினால் கை தேய்ந்துவிடுமா? ஊரார் குறையைத் தீர்க்கிற உனக்கு இந்தச் சின்ன புத்தி கூடவா இல்லாமல் போயிற்று? பிரிக்காத அப்பனைச் சொல் என்கிறாயா? சொல்லு, அதையும் கேட்டுக்கொள்கிறேன். நீ அங்கே அப்பா படித்துவிட்டும் பேசவில்லை என்று இருந்திருக்கிறாய், நான் இங்கே மகள் ஒரு வரி எழுதாமல் சாமான் அனுப்பினாளே என்று இருந்திருக்கிறேன். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், தையல் இழுத்தது, வலித்தது, அழுகையைப் பாதியில் நிறுத்தும்படி ஆயிற்று. காந்தப் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் நாலு ஆணி கீழே விழுந்தது. அப்புறம் ஒரு முக்காலிக்குத் துணி கட்டி முடித்தேன். சனியன் பிடித்தது, நன்றாகத்தான் வேலை செய்கிறது.

இன்று காலை சோதனை முடிவு வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை, வெறும் எச்சில் பைதானாம். அண்ணன் அழுதுவிட்டான், பெரிய ஆள் மாதிரி மீசை வேறு. அதனால் பயப்படாதே. நான் நல்லபடியாக இருந்து இன்னும் ரொம்ப நாள் உன்னைத் திட்டுவேன்.

வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர எட்டு நாள் ஆகும் என்றார் தபால்காரர். அண்ணன் போட்டோ எடுத்து உடனே அனுப்புகிறேன் என்றான், வேண்டாம் என்றேன், அவன் படித்துவிட்டு அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பான். கடிதம் கிடைத்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, நீ வழக்கமாகக் கூப்பிடுகிற அதே நேரத்துக்கு, நீ கூப்பிடாதே, நான் கூப்பிடுகிறேன். உன் அம்மாவை மாடிக்கு அனுப்பிவிடுவேன். நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இங்கேயே எழுதிவிட எனக்கு எவ்வளவு நேரமாகும்? எழுதமாட்டேன். எழுதினால் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும் என்பாய், உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? வாயால்தான் சொல்லப்போகிறேன். ஒன்றே ஒன்று. எனக்குப் பழக்கம் இல்லை. நீ "அப்பா" என்றதும் எனக்குப் பேச்சு வராது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அது ஆணி இல்லை. போன தடவை மாதிரி வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு நில், வந்துவிடும்.

மாப்பிள்ளை சுகமாக இருக்க வேண்டும், நீ இரைந்து பேசாமல் அவரையும் கொஞ்சம் பேச விடு. குழந்தைக்கு என் ஆசீர்வாதம், நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மறக்காமல் ஒன்று, அம்மா போனில் காட்டிய போட்டோவில் குழந்தை கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், அச்சாக நீ அன்றைக்கு நின்ற மாதிரியே. அதை விடச் சொல். நீயும் விடு. உதட்டைக் கடிக்கிறவர்களுக்கும் இந்தக் கொப்புளம் வருமாம், டாக்டரம்மா சொன்னாள். கேட்க வேண்டியது இருந்தால் கடித்துக்கொண்டு நிற்காமல் இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாய் காலியாக இருக்கும்
உன் அப்பா